அரசருக்குச் சொல்லாத சத்தியம்

கார்த்திகை 14, செவ்வாய் இரவு

இன்று காலை, ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை ஒற்றை ஆளாக எதிர்த்தேன். கனடியக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் கணினித் திரையில் நடந்தது. அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற இடம் வந்ததும் உதட்டை மட்டும் அசைத்தேன். வெள்ளைக்காரன் வரிக்காகப் பாட்டனின் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனதற்கு, நூறு வருடம் பிந்தி எங்கள் பரம்பரை செய்த புரட்சி அது.

பிறகுதான் பயம் பிடித்தது. திரையில் இருந்த அதிகாரி அம்மா என்னையே உற்றுப் பார்த்ததுபோல இருந்தது. நிரந்தர வதிவிட அட்டையான பி.ஆர். கார்டையும் அவர்கள் சொன்னபடி கத்தரிக்கோலால் வெட்டியாயிற்று. இனி நான் எந்த நாட்டுக்காரன்?

பக்கத்தில் இருந்து சத்தியம் செய்த மனைவி சரசுவிடம் கேட்டேன்.

"ஒருத்தரும் கவனிக்கேல்லை. எல்லாரையும் மியூட்டிலைதான் வைச்சிருந்தவை," என்றாள். "ஆனா நீங்கள் வாயே திறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

எழும்பப் போனவள் திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

"கலியாணத்திலை ஐயர் சொல்லச் சொல்ல மந்திரம் சொன்னனீங்கள். அண்டைக்கும் உப்பிடித்தானோ?"

"உமக்கென்ன விசரே? முழுக்கச் சொன்னனான்."

 சாப்பிட்ட பிறகு பேஸ்மென்டில் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. கலியாண வீடியோ கசற்றோடு மேலே வந்தாள். யூனியன்வில்லில் இருக்கும் தன் தம்பியிடம் அதைப் போட்டுப் பார்க்க மெசின் இருக்கிறதாம். நாளைக்குப் போகிறாளாம்.

ஐயர் அன்று ரயில் வேகத்தில் சொன்னார். பாதிக்கு மேல் நான் சொல்லவேயில்லை. கமராக்காரன் எவ்வளவு கிட்ட நின்றான் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.