மொட்டுதிர்க்கும் மல்லிகை

2012 ஏப்ரல் 3
மல்லிகை இன்றைக்கும் பதினொரு மொட்டை உதிர்த்துவிட்டது. ஒன்றும் விரியவில்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஜெனிற்றா பொத்திப் பொத்திக் கொண்டுவந்த கொப்பு. தலைமன்னாரில் நட்ட அன்றே சொன்னவள்: "இது பூத்தால் நானும் இஞ்ச இருப்பன். இல்லாட்டி அம்மாவிட்டயே போறன்." மனைவி பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 9
மொட்டில் ஓட்டை. உள்ளே புழு. சவுக்காரத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து இலைக்கு அடியிலும் தெளித்தேன். விழுந்த மொட்டுகளைப் பொறுக்கி எரித்தேன்.

ஏப்ரல் 17
புழு இல்லை. மொட்டு இன்னும் உதிர்கிறது. இலை ஓரமெல்லாம் கருகல். பசளை போதாதோ? கருவாட்டுத் தொட்டி கழுவிய தண்ணீரை மூன்று மாதமாக விடிய ஒரு வாளி ஊற்றுகிறேன், அவளுக்குத் தெரியாமல். இனி இரண்டு வாளி.

ஏப்ரல் 22
ஜெனிற்றாவின் பாஸ்போட் அலுமாரியிலிருந்து மேசைக்கு வந்திருக்கிறது.

மே 1
முருங்கன் வயல்காரர் தம்பு அண்ணை கருவாடு எடுக்க வந்தார். ஒரு இலையைப் பிய்த்து நாக்கில் வைத்தார். துப்பினார்.
"என்ன தம்பி, மல்லிகையையும் காயப்போட்டு விக்கப்போறியோ? என்னத்தை ஊத்தினனீ?"
சொன்னேன். பொய் சொல்லத் தெரியாதவனில்லை; வாயில் வரவில்லை. தொட்டியின் மூன்றாம் கழுவல் தண்ணீர்தானே, உப்பிருக்காது என்று கணக்குப் போட்டவன். உப்பை வைத்தே முன்னுக்கு வந்தவன்!
ஜெனிற்றா வாசலில் நின்றாள்.
"எல்லாத்தையும் உப்பிலதான் வைப்பியளோ?"
அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

மே 6
பவுசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றினேன். மண்ணை மாற்றினேன். வேர் கறுத்து நூல் நூலாகக் கழன்று வருகிறது.
முகாம் வாசலில் ஒரு பெட்டி கருவாட்டோட தொடங்கினவன். ஒருத்தனும் ஏமாத்தேலாது எண்டு பேர் எடுத்தவன். ஏன்ரா உனக்கு இந்தக் கெட்டித்தனம்? அவளிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதோ — அவள்தானே நட்டவள்?

மே 8
ஒரு கொப்பில் மட்டும் பச்சை. அவள் வெட்டி எடுத்துவிட்டாள்.

மே 13
ஜெனிற்றா இந்தியாவுக்குப் போகவில்லை. முருங்கனில் தம்பு அண்ணையின் பின்வீடு. கிணறு நல்ல தண்ணீர். அவள் அங்கே, நான் இங்கே. நான் பேரம் பேச வாயெடுக்க முதலே அவள் பேசி முடித்துவிட்டாள். வாடகை மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஆறு மாத முற்பணம். சனி பின்னேரம் நான் வரலாம். ஞாயிறு பூசை முடியப் புறப்பட வேண்டும். வெட்டிய கொப்பை அங்கே நட்டிருக்கிறாள்; அதற்குத் தண்ணீர் அவள் மட்டுமே ஊற்றுவாள்.