கூட்டினால் எட்டு வரும் எஞ்சின்

15 ஒக்டோபர் 1994, சனி

மழை. பின்னேரம் லாசாலில், மனைவியின் தமையன் குகனின் கராச். மூன்று பனிக்காலமாக, பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளைப் பூட்டித் தானே ஒரு கார் செய்கிறான். இரண்டு இருக்கை, சிவப்பு, பைபர்கிளாஸ் உடல். தூரத்தில் இத்தாலிக் கார். கிட்டப் போனால் குளியல் தொட்டி.

எஞ்சின் மட்டும் பெட்டியில் வரவில்லை. அது என்னுடையது. டோர்வலில் பனியில் வழுக்கி நான் தூணில் மோதிய பழைய காரிலிருந்து கழற்றியது. அந்தக் காரின் அடையாள எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் அதில் பொறித்திருக்கின்றன: 304712. பதிவுக்கு முன் பரிசோதகர் இதைத்தான் பார்ப்பாராம். எஞ்சின் திருட்டு இல்லை என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

மனைவி, தேத்தண்ணியோடு: "அண்ணையைப் பாருங்கோ, தன்ர கையால ஒரு காரே செய்யிறார். நீங்கள் புத்தகம் பிரட்டுறியள்."

எண்ணைக் கூட்டினேன். "பதினேழு. ஒண்டும் ஏழும் எட்டு. சனியின்ர எண்ணல்லோ மச்சான்." முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

குகன் பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினான்.

வாங்க வேண்டியது: பால், பல்ப். நூலகப் புத்தகம் தாமதம்.

19 ஒக்டோபர், புதன்

குகன் தொலைபேசியில். குரலில் கலியாணம். "பிரச்சினை முடிஞ்சுது மச்சான். வேலையிடத்தில இரும்பில நம்பர் அடிக்கிற அச்சு இருக்கு. கடைசியில ஒரு ஒண்டு அடிச்சுவிட்டன். இப்ப கூட்டிப் பார்."

3047121. ஒன்பது.

"நல்ல எண்," என்றேன். வேறென்ன சொல்ல, அடித்தாயிற்று. அதைவிட, ரசித்தேன்.

7 நவம்பர், திங்கள்

பரிசோதனை. குகனுக்குப் பிரெஞ்சு வராது, மொழிபெயர்க்க நான். பரிசோதகர் மெலிந்தவர், மிக மரியாதை. பல் வைத்தியர் போல் சின்னக் கண்ணாடியை எஞ்சினுக்குள் விட்டார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஆறுதான் இருக்க வேண்டும். ஏழாவது எங்கிருந்து வந்தது?"

குகன்: "உள்ளதைச் சொல்லு மச்சான். எட்டு ஆகாது. சனி."

சொன்னேன், சொல்லுக்குச் சொல். சனிக்கிரகத்தை அவர் படிவத்தில் எழுதினார். அந்தக் கிரகத்தை எஞ்சினில் யார் கண்டுபிடித்தது என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"எஞ்சின் முன்பு யாருடையது?"

மொழிபெயர்த்தேன். குகன் விரலால் என்னைக் காட்டினான்.

கேட்பவை: அ) பழைய காரின் பதிவுப் பத்திரம். ஆ) பழைய சொந்தக்காரரின் சத்தியக் கடிதம், எண் மாறிய காரணத்தோடு. முப்பது நாள். தவறினால் எஞ்சின் பொலிசுக்கு. காருக்குப் பதிவு இல்லை.

திரும்பும் வழியில், கால்வாய்ப் பாலத்தில் குகன்: "மூண்டு வருசம் மச்சான்."

10 நவம்பர், வியாழன்

மூக்கடைப்பு. பத்திரம் அகப்பட்டது, பாதியில் விட்ட ஒரு நாவலுக்குள் பக்க அடையாளமாக.

கடிதம் எழுதினேன். பிரெஞ்சில், இரண்டு பந்தி. சத்தியம் செய்து பொய் எழுதக்கூடாது. ஆகவே: அந்த எண் துரதிர்ஷ்டமானது என்று நான்தான் வேடிக்கைக்காகச் சொன்னேன். என் மைத்துனர் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். ஒரு எஞ்சினைத் திருடுவதற்கு வேண்டிய அறிவு அவரிடம் இல்லை.

கடைசி வாக்கியத்தை மூன்று தரம் திருத்தினேன். நல்ல வாக்கியம்.

கீழே குகனும் கையெழுத்து வைக்க வேண்டும். "என்ன எழுதினனீ?"

"நீ கள்ளனில்லை எண்டு."

வைத்தான். பேனையைத் துடைத்துத் திருப்பித் தந்தான்.

26 நவம்பர், சனி

பதிவு கிடைத்துவிட்டது. குகன் வீட்டில் மதியச் சாப்பாடு, ஆட்டிறைச்சி, பதினைந்து பேர். சுவரில் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் என் கடிதத்தின் பிரதி. சட்டம் போட்டு.

"இவன் எழுதினபடியால்தான் கார் தப்பினது. பிள்ளை, எல்லாருக்கும் தமிழில வாசிச்சுக் காட்டு."

குகனின் மகள் அபிராமி. பதினாறு வயது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். முதல் பந்தி போனது. பத்திரம், பழைய கார், டோர்வல் தூண். இரண்டாவதில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மாமா, இதையும் சொல்லவோ?"

குகன்: "சொல்லம்மா."

சொன்னாள். கடைசி வாக்கியம் தமிழிலும் நன்றாகவே இருந்தது. யாரோ ஒருவர் சிரித்துவிட்டுச் சோற்றைப் பார்த்தார்.

குகன் என்னிடம்: "அப்ப எட்டு ஆகாதெண்டது பகிடியோ?"

"ஓம்."

"சாப்பிடு மச்சான். கறி ஆறுது."

மனைவி வரும் வழியெல்லாம் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே ஒன்றுமில்லை.

3 டிசம்பர், சனி

ஒரு கிழமையாகக் குகனின் தொலைபேசி இல்லை.

இரவு பனி. காலை பேப்பர் எடுக்கப் போனேன். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. வாசல்படியில் என் எஞ்சின். பனியில் தள்ளுவண்டித் தடம், இரண்டு பேரின் சப்பாத்துத் தடம். எண்ணெய் வடித்து, துடைத்து, ஒரு பழைய போர்வையின் மேல் வைத்திருந்தான். பின்னால் சேர்த்த ஒன்றை அரத்தால் ராவி எடுத்திருந்தான். அந்த இடம் மட்டும் பளபளத்தது.

மனைவி உள்ளிருந்து: "ஆரப்பா வாசல்ல?"

குனிந்து பார்த்தேன். 304712. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

இரண்டு தரம் கூட்டினேன்.