மோட்டாரா காற்றா என்று முடிக்காமல் போன ஜமாலுக்கு

என் அருமை ஜமாலு, பிடிவாதம் பிடித்தவனே,

போட்டி முடிந்துவிட்டது. முடிவைச் சொல்வதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டும். சண்டையின் நடுவில் எழுந்து போகிறவனை என்னவென்று சொல்வது? கோபித்துக்கொண்டு போயிருந்தாலாவது வில்லியனூரில் பஸ் ஏறி பாகூருக்கு வந்து உன்னை இழுத்து வந்திருப்பேன்.

அப்படி என்ன பெரிய போட்டி? தண்ணீர் நிரம்பிய மண்பானையைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வைக்கிற யந்திரக் கை. நடுவர் விசில் அடித்தால் பாதி வழியில் அப்படியே நிற்க வேண்டும். பாலிடெக்னிக் கடைசி வருஷப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். லாரி வைப்பர் மோட்டார் ஒன்று போதும் என்றேன். மெதுவாகத் தூக்கும், நிறுத்தினால் நிற்கும், கரண்டை எடுத்தாலும் கை கீழே விழாது. நீயோ, காற்றே கையைத் தூக்கட்டும் என்று, உங்கள் சைக்கிள் கடையில் காற்றடிக்கிற டாங்கைத் தட்டிக் காட்டினாய்.

“மோட்டாருக்குப் பானைன்னா இன்னான்னு தெரியாதுடா மச்சான். காத்துக்குத் தெரியும்.”

“காத்துக்கு நிக்கத் தெரியாதுடா.”

“வால்வ மூடுனா நிக்கும்.”

நின்றதா? பழைய பஸ் பிரேக் சிலிண்டரை வைத்து நீ செய்த கை, வால்வைத் திறந்ததும் ஒரே வீச்சில் மேலே போய் உங்கள் கடைப் பின்கட்டின் கூரையோடு ஒன்றை உடைத்தது. பாதியில் மூடினால் மெத்தைமேல் உட்கார்ந்தது போல மேலும் கீழும் ஆடியது. வால்வு சரியில்லை என்றாய். வேறு வால்வு போட்டாய். இன்னொரு ஓடும் போனது. உன் வாப்பா ஓட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதும் நீ, “மொத்தமும் காத்துதான்.” நான், “மொத்தமும் மோட்டார்தான்.”

பிறகு உன் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரிக்கு வாடா என்று எத்தனை தடவை கெஞ்சினேன்? “கீழாநெல்லி குடிச்சிகினுதான கீறேன். மெட்ராஸ்லேர்ந்து புது வால்வு வருது, மாட்டிட்டு வந்துடறேன்” என்றாய். வால்வு வந்தது. அதைப் பிரிக்க நீ இல்லை. ஒரு வால்வுக்காகவா ஜமாலு? யாரிடம் போய் நான் இதைக் கேட்பது?

நீ போனதும் எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். ஜமால் ஆசைப்பட்டபடி காற்றிலேயே செய் என்று வகுப்பே சொன்னது. உன் அக்கா ஹாஜிரா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில், என்னை உங்கள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

“எந்தம்பி கடைசி வரிக்கும் சொன்னத ஒரு தபா செஞ்சாதான் இன்னாடா?”

“அக்கா, அது பானையக் கொண்டுபோய்க் கூரைல அடிச்சிடும்கா.”

அன்றோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் என்ன செய்ய? நீ இறந்துவிட்டாய் என்பதற்காகக் காற்று நிற்கக் கற்றுக்கொண்டுவிடுமா? எனக்கும் அழத் தெரியும். அழுதுகொண்டே மோட்டாரை மாட்டினேன்.

போட்டிக்கு அக்கா வந்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால், என்னைப் பார்க்காமல் நின்றார். விசில் அடித்தார்கள்; கை நின்றது. ஆடவே இல்லை. ‘பார்த்தாயாடா’ என்று உன்னிடம் மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை, பானை விரிசல் விட்டது. விரல்களுக்கும் மோட்டார்தானே வைத்திருந்தேன்? எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. தண்ணீர் முழுக்க நடுவரின் செருப்பில்.

உடைத்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் பாதி மதிப்பெண்தான் என்றார்கள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து நின்றார் அக்கா. கையில் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் டியூபும் ஒரு பம்பும். தெருமுனைக் கடையில் வாங்கியிருக்கிறார்.

“தூக்கறத உம் மோட்டாரே தூக்கட்டும். புடிக்கறத அவன் காத்துகிட்ட குடுடா.”

விரல்களைப் பானையைவிடக் கொஞ்சம் அகலமாக விரித்து முடுக்கி, உட்பக்கம் டியூபைச் சுற்றிக் கட்டினோம். அக்கா பம்பு அடித்தார். டியூப் உப்பி, குழந்தையை அணைப்பது போலப் பானையை அணைத்துக்கொண்டது. மோட்டார் தூக்கியது. விசிலுக்கு நின்றது. மேசைமேல் வைத்தபோது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. மூன்றாவது இடம்கூட இல்லை. பாதி மதிப்பெண்ணில் என்ன வரும்? எனக்கு வந்த எரிச்சல் அதற்காக இல்லை. ‘விரலுக்கு மட்டும் காற்று’ என்று நீ ஒரு நாள் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்குமே! ‘தோளுக்கு மட்டும் மோட்டார்’ என்று எனக்கும்தான் தோன்றவில்லை. போகட்டும், பாதி குற்றம் என்னுடையது. பாதிதான்.

நடுவர்களில் ஒருவர் மில் எஞ்சினியர். டியூபை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, “காத்து யாரோட ஐடியா?” என்று கேட்டார்.

“ஜமால் சார். என் ஜோடி.”

“அவரு எங்க?”

அக்காதான் சொன்னார்: “இன்னிக்கு வரல சார்.”

அந்த எஞ்சினியர் அடுத்த வாரம் மில்லுக்கு வந்து கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அங்கே நூல் கண்டுகளைத் தூக்கி வைக்க ஒன்று வேண்டுமாம். போகிறேன். பத்துப் பேர் உட்கார்ந்து மொத்தமும் மோட்டார் என்பார்கள். எனக்குத் தெரியும், நானே சொன்னவன்தானே. அப்போது உன் பக்கத்தில் நின்று, உன் குரலில், உன்னைப்போலவே மேசையைத் தட்டிப் பேசுவேன். இது சத்தியம். அவர்கள் மொத்தமும் காற்று என்று கிளம்பினால், அப்போது என் பக்கம் வந்துவிடுவேன். அதற்கு நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் உன்னோடு சண்டை தீராத
உன் மச்சான்,
அந்தோணி