உன் உள்ளங்கையும் என் மூக்கும்

அம்மா,

இன்று சாயங்காலம் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்து, புளியும் சாம்பலும் போட்டுக் கை தேய்த்து, உன் பேத்தியிடம் நீட்டினேன். பத்து வயதுக்காரி. கிட்டே வந்து மோந்து பார்த்தவள் முகத்தை எட்டுக் கோணலாக்கி, "ஐயே, செத்த எலி மாதிரி நாறுதும்மா. இன்னொரு வாட்டி கழுவு" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கும் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது.

உன்னுடையது நான் பிறக்கும் முன்பே செத்துவிட்டது. ஆம்பூர்த் தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டுத் தோலில் மயிர் வழிக்கிற வேலை உனக்கு. ஈரத்தோல், அழுகிய கொழுப்பு, சொதசொதவென்று விரலில் ஒட்டும் மயிர். நீ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி நான் கற்றுக்கொண்ட எழுத்தில் இதை எழுதும்போதே குமட்டுகிறது. அந்த நாற்றம் உனக்குத் தெரியாததால்தான் நமக்குள் இந்த வழக்கம் வந்தது. நீ கையை நீட்டுவாய், நான் மோந்து சொல்வேன். "போச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் சோற்றுப் பானையைத் தொடுவாய். "என் மூக்கு உன் மூஞ்சில இருக்குதுடி" என்று சிரிப்பாய். நீயும் உன் அம்மாவுக்கு இப்படித்தான் மோந்து சொன்னாயாம். எனக்குச் சிரிப்பு வராது. உன் கை எனக்கு அருவருப்பாகவே இருந்தது. இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மாதனூர் அத்தை மகளின் மஞ்சள் நீராட்டு அன்று, அரை நாள் வேலை முடித்து ஓடி வந்தாய். ஜட்கா வண்டி வாசலில் நின்றது. அவசரமாகத் தேய்த்துக் கையை நீட்டினாய். நான் புதுப் பாவாடை கட்டியிருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, மோந்து பார்க்காமலே "போச்சு" என்றேன்.

அங்கே சந்தனத்தைத் தொட்டு அந்தப் பெண்ணின் கன்னத்தில் வைத்தாய். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்து ஓங்கரித்தாள். அத்தை உன் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். "அண்ணி, நீ வெக்க வாணாம். தட்டைத் தொட்டுட்டு அப்பால நில்லு. இன்னா நாத்தம் இது!" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

த்தூ! அந்த வீட்டு ஓடும், அந்தப் பெண்ணின் ஜிமிக்கியும், அன்றைய பாயசமும் நம் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை வண்டி அடித்துச் சம்பாதித்தவை. அந்தப் பட்டையில் ஊறப்போகிற தோலைத் தொட்டவள் மட்டும் அப்பால் நிற்க வேண்டுமாம். நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் உன்னை அந்தப் பெண்ணின் முன்னால் தைரியமாகக் கை நீட்ட வைத்தது என் ஒரு சொல். அதை நினைத்தால் என்மேலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திரும்பும்போது நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். "பாயசம் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாய். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல என்னிடமே கையை நீட்டினாய். நான் பொய் சொன்னது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனை குமட்டினாலும் மோந்துதான் சொன்னேன்.

இந்த அசிங்கத்தை என் மகளிடம் கொடுக்கவே மாட்டேன் என்றிருந்தேன். மூக்கு போன பிறகு வேறு யாரிடம் போய் நீட்டுவது? எனக்கு வாய்த்தவள் பொய் சொல்லத் தெரியாதவள். இன்று மூன்று முறை திருப்பி அனுப்பினாள். நான்காவது முறை நிதானமாக மோந்து பார்த்து, "போச்சு" என்றாள்.

"நெஜமாவா?" என்று கேட்டேன்.

ஈரம் காயாத என் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். உன் கையை நான் ஒரு நாளும் அப்படி எடுத்து வைத்துக்கொண்டதில்லை, அம்மா.