பழக்கக் கோளாறு

மார்ச் 4, செவ்வாய்

புது மென்பொருள் நேற்று எங்கள் கம்பெனி போன்கள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. இன்று மாலைக்குள் கன்னடத்தில் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் புகார். படிக்க நானும் லோலாக்ஷியும்தான்.

முன்பு அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தைத் தொட்டால் போதும். இப்போது திரையின் அடியில் மெல்லிய பட்டை. விரலை எடுக்காமல் இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். பாதியில் விரல் தவறினால் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அழகாக இருக்கிறதாம்.

மேலாளர் காமத் சார் காலையில் எங்களைக் கூப்பிட்டு, "பல்லு பிடுங்கினா ரெண்டு நாள் நாக்கு அங்கேயேதான் போகும். அப்புறம் மறந்துடும். அவ்வளவுதான் இது" என்றார். எங்கள் கணினியில் புதிதாக ஒரு பெட்டி: 'பழக்கக் கோளாறு'. புகாரை அதில் தள்ளினால் 'இரண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்கள்' என்று பதில் தானாகப் போய்விடும். அதற்கப்புறம் அந்தப் புகாரை யாரும் திறப்பதில்லை.

நான் தள்ளியது இன்று 412.

மார்ச் 6, வியாழன்

லோலா சத்தமாகப் படித்துச் சிரிக்க வைத்தாள். தாவணகெரேக்காரர் ஒருவர்: "என் வீட்டுக்குள்ள நான் தூங்கிட்டு இருக்கும்போது புகுந்து அடுப்படிய மாத்தி வச்சிருக்கீங்க. நீங்க யாருய்யா?"

சிரித்தேன். ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? பெட்டியில் தள்ளினேன்.

மார்ச் 10, திங்கள்

எழுத்து இல்லை, குரல் பதிவு. சிர்சி பக்கத்தில் பாக்கு உரிக்கிற பெண். பெயர் நாகவேணி.

"தொட்டா எடுக்கும், அப்படித்தான் இருந்துச்சு. இப்ப இழுக்கச் சொல்லுது. இழுத்தா விரல் பாதியில நின்னுடுது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு ஆபரேஷன். ஹுப்பள்ளி ஆஸ்பத்திரியிலிருந்து தேதி சொல்லக் கூப்பிட்டாங்க. மூணு தடவை கட்டாயிடுச்சு. திருப்பிப் பண்ணினா, அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடுச்சுங்கறாங்க. எனக்கு என்ன கோளாறு? பாக்கு உரிச்சு உரிச்சு விரல்ல தோலே இல்ல, அதான் கோளாறு."

மூன்று முறை கேட்டேன். இதற்கும் 'இரண்டு வாரம் பாருங்கள்' என்று அனுப்பணுமா? முடியாது. அனுப்பல.

மார்ச் 11, செவ்வாய்

நாங்கள் யாரையும் அழைக்கக் கூடாது என்பது விதி. அழைத்தேன், படிக்கட்டில் நின்று, என் சொந்த போனிலிருந்து. இரண்டு தடவை கட். மூன்றாவதில் பக்கத்து வீட்டுப் பெண் இழுத்துக் கொடுத்தாள்.

"கம்பெனியா? நிஜமாவா? மனுஷங்களும் இருக்கீங்களா அங்க?"

"இருக்கோம் அக்கா."

"அப்ப அந்த ரெண்டு வாரம் பதில் யாரு போடறது?"

நானும்தான் போட்டேன் என்றேன். "சரி தங்கச்சி, இனிமே போடாத" என்றாள்.

மார்ச் 12, புதன்

காமத் சாரிடம் சொன்னேன். "மந்தாகினி, ஒருத்திக்காகக் கோடிப் பேர் போனை மாத்தச் சொல்றியா?"

ஒருத்தியா? பார்க்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

விடுமுறை நாளில் அலுவலகம் போனேன். லோலாவும் வந்தாள், கையில் ஒரு பொட்டலம் கிர்மிட் மசாலாப் பொரியோடு. பழக்கப் பெட்டியைத் திறந்து முதலிலிருந்து படித்தோம். பதினோராயிரம்.

இளக்கல் ஊரில் நெசவு செய்பவர். கைநடுக்கம் உள்ள ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். சிமெண்ட் கலக்குகிற தம்பதி. பாத்திரம் தேய்க்கிறவர்கள் மட்டும் எழுபத்தெட்டு. யாருக்கும் பழக்கம் பிரச்சினையே இல்லை. விரல்தான். மொத்தம் 643.

இவர்களில் எத்தனை பேரை நானே தள்ளினேன்? எண்ணவில்லை. தைரியம் இல்லை.

மார்ச் 19, புதன்

காலையில் எல்லாரும் கூடுகிற கூட்டம். கையில் கோந்து பாட்டில் கொண்டு போனேன். காமத் சாரின் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பூசிக் காய வைக்கச் சொன்னேன், தோல் தேய்ந்த விரல் மாதிரி ஆகட்டும் என்று. வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பூசிக்கொண்டார்.

"இப்ப நான் கூப்பிடறேன் சார். எடுங்க."

இழுத்தார். கட். மறுபடி கட். நான்காம் தடவை போனை மேஜையில் வைத்துவிட்டார். அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நாடகம் போடற இடமா இது?"

"இல்ல சார். ஆனா உங்களுக்கு ரெண்டு வாரம் டைம் இருக்கு."

அது அதிகப்படி. தெரியும். சொன்னதற்கு வருத்தம் இல்லை.

மதியம் 643 புகாரையும் பழக்கப் பெட்டியிலிருந்து எடுத்து 'போனை எடுக்கவே முடியவில்லை' பெட்டியில் போட்டேன். அதில் விழும் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாம் மாடியில், திரையை வடிவமைக்கிறவர்களின் கணினியில், மணி அடிக்கும். 643 தடவை அடிக்கட்டும்!

மார்ச் 20, வியாழன்

அட்டையை வைத்தேன், கதவு திறக்கவில்லை. காவலாளி ஈரப்பா, "மேடம், உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே" என்று என்னைவிட அதிகமாகத் தவித்தார். ஒப்பந்த ஆள்தானே நான். ஒரு மின்னஞ்சலில் முடிந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தேன். அழுதேனா? அழுதேன். ஆனா திரும்ப அந்த மதியம் வந்தா, திரும்பவும் அதையேதான் செய்வேன்.

மார்ச் 27

வேலை தேடல்.

ஏப்ரல் 11, வெள்ளி

என் போனுக்கே புது மென்பொருள் வந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஏழாவது வரி: 'அழைப்பை இனி தொட்டும் எடுக்கலாம், இழுப்பது விருப்பம்.' பச்சை வட்டம் திரும்பி வந்திருக்கிறது.

சாயங்காலம் நாகவேணி அக்காவை அழைத்தேன். "தங்கச்சி, தொட்டேன், எடுத்துச்சு. வேற தேதி கிடைச்சு, அவருக்குப் போன வாரம் ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. கஞ்சியில உப்பு இல்லன்னு சண்டை போடறார். பொழைச்சுட்டார்."

ஏப்ரல் 17, வியாழன்

காமத் சார் அழைத்தார். ஐந்தாம் மாடியில் என்னைக் கேட்கிறார்களாம். மன்னிப்பு என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொடவில்லை.

"பழக்கப் பெட்டி இருக்கா சார்?"

"பேரை மாத்திடலாம்."

"பெட்டியே வேண்டாம். புகார் சொன்னவங்கள நாங்க கூப்பிட்டுப் பேசணும். ரெண்டும் எழுத்துல வந்தா வரேன்."

ஏப்ரல் 28, திங்கள்

கதவு திறந்தது. லோலா என் நாற்காலியை யாருக்கும் விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

திறந்த முதல் புகார், ராய்ச்சூர், மஹாந்தேஷ் என்பவர்: "ஒரு மாசம் உசுரைக் கொடுத்து இழுத்துப் பழகினேன். இப்ப மறுபடி வட்டமா? யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

இரண்டு முறை படித்தேன். அவர் கேட்டதும் நியாயம்தான். போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன்.