கூடைக்கு இணங்காத பூனை

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் பூனை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாய் எடுக்கிறது, தலையை உதறிக் கீழே போடுகிறது. வாயில் நாற்றம் வேறு. டாக்டரிடம் காட்டலாமா என்று அக்காவைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையும் இந்தப் பூனையுமாக வந்து இறங்கி மூன்று மாதம் ஆகிறது. பின்னறையை விட்டு வெளியே வருவது குளிக்க மட்டும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களாம். பூனை அவளுடையது, கவலை மட்டும் என்னுடையதா?

மார்ச் 4

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். அதோடு விட்டார்களா? வயசு என்ன, ஆணா பெண்ணா, தடுப்பூசி போட்டிருக்கா... ஒன்றும் தெரியாமல் விழித்தேன். "உங்க பூனைதானே மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கேட்டேன். நாலு வயது, பெண், டாக்டரிடம் போனதே இல்லை. ஏன்? "அவருக்குப் பிடிக்காது." பூனைக்கு வைத்தியம் பார்த்தால் அத்தானுக்கு என்ன கொள்ளை போகிறது? - கேட்கவில்லை. கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மார்ச் 5

மூடி போட்ட கூடை ஒன்று வாங்கினேன். "பழைய துணி போட்டுத் திறந்தே வைங்க, அதுவே போய்ப் படுத்துக்கும்" என்றார் கடைக்காரர். நம்பினேனே, என்னைச் சொல்லணும். அலமாரி மேல் படுத்தது. என் வேலைச் சட்டை மேல் படுத்தது. கூடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 6

ஒத்திகை பார்க்கலாம் என்று துண்டைச் சுற்றித் தூக்கினேன். கை முழுக்கக் கீறல்.

இத்தனை அமளியிலும் அக்கா வரவில்லை. அவள் கதவுக்கு வெளியே நின்று கத்திவிட்டேன். "உன் பூனைதானே? பட்டினி கிடந்து சாகட்டும்னு விட்டுடவா? நான் ஒருத்தி எத்தனைக்குத்தான் மாரடிக்கிறது?"

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னதில் பொய்யும் இல்லையே.

மார்ச் 7, சனி

ஒன்பது மணிக்கே பூனை ப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. தரையில் குப்புறப் படுத்து முக்கால் மணி நேரம் கெஞ்சினேன், மிரட்டினேன். ம்ஹும்.

பின்னறைக் கதவு திறந்தது. அக்கா. தலை வாரி, வெளியே போகிற உடையில்.

"தள்ளு" என்றாள். கையை நீட்டினாள், வந்தது. கூடையை வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, பின்னங்காலை முதலில் விட்டுப் பூனையை இறக்கினாள். பத்து நொடி. மூன்று நாளாக நான் பாடுபட்டும் முடியாதது.

"தெரிஞ்சா முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"அங்க இருந்தப்ப ஒருநாள் இதே மாதிரி வெச்சுக் கிளம்பினேன். வாசல்லயே நிறுத்தி, இறக்கி விடச் சொல்லிட்டாரு."

அதற்கு மேல் என்னால் எரிந்து விழ முடியவில்லை. பஸ்ஸில் பூனை போட்ட கூச்சலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கூடையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் உடைந்து சீழ் வைத்திருக்கிறது, பிடுங்கணும். "ரொம்ப நாள் வலி இது" என்றார். அக்கா தலையாட்டினாள்.

படிவத்தை என்னிடம்தான் நீட்டினார்கள். அக்கா வாங்கிக்கொண்டாள். வளர்ப்பவர் பெயர்: தன் பெயரை எழுதினாள், முன்னால் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்கு முன்பு எழுதியது போல. நிரந்தர முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது.

"நம்ம கதவு நம்பர் என்ன?"

"இருபத்து மூணு" என்றேன். எழுதினாள்.

மார்ச் 9, திங்கள்

பல் போயிற்று. இரண்டு வேளையும் மாத்திரை கொடுக்க வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை துப்பிவிட்டது. கூடத்திலிருந்து அக்கா கத்துகிறாள்: "என் உயிரை வாங்கவே பொறந்திருக்கு இது. ஒருத்தி இங்க அல்லாடறேன், நீ என்னத்த எழுதிக்கிட்டு உக்காந்திருக்க? வந்து இதோட காலைப் பிடி."

போகணும்.