கிணற்றுக்குள் விழுந்த டெப்லட்

என் அன்புக்குரிய மாஸ்டர் காக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் எனக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், காக்கா. உங்கள் ஸ்டேஷனில் போட்டராக வந்து சேர்ந்தவன் ரயில் கார்டாக வேலையை முடித்தேன். கொடியையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

முதலில் ஊர்ப் புதினம் சொல்கிறேன். சண்டை முடிந்துவிட்டது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும்போது பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்கத் தேவையில்லை. இருந்த இருப்பிலேயே போய்ச் சேர்கிறோம். நான்தான் இன்னும் களுவாஞ்சிகுடி தாண்டினால் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறேன். சாய்ந்தமருதில் உங்கள் வீடு நின்ற கரையில் இப்போது வீடு கட்ட விடுவதில்லை. உங்கள் மகள் சுமையா, கடலை விட்டுத் தள்ளி, சுனாமி வீட்டுத்திட்டத்தில் குடியிருக்கிறாள். ஆசிரியையாகிவிட்டாள். கோபம் வந்தால் குரலை இறக்கிப் பேசுவாள். அது உங்களிடமிருந்து போனதுதான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக இரண்டைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. எங்கள் கரையில் கோச்சி, அதாவது ரயில், கிடையாது. கல்முனையிலும் இல்லை, சாய்ந்தமருதிலும் இல்லை, என் காரைதீவிலும் இல்லை. தண்டவாளத்தைக் காண மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும். கோச்சியே வராத ஊர்களிலிருந்து கோச்சிக்கு வேலைக்குப் போன இரண்டு பேர் நாங்கள். நீங்கள் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றால், "மாஸ்டர், பச்சைக் கொடியக் காட்டுங்க, பஸ் வரட்டும்" என்று கடைக்காரர்கள் சீண்டுவார்கள். நீங்களும் முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து ஆட்டிக் காட்டுவீர்கள்.

மட்டக்களப்புப் பாதையில், காட்டுக்குள் இருந்தது நம்முடைய சின்ன ஸ்டேஷன். கோச்சி பிந்தினால் ஏன் பிந்தியது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஒருநாள் நீங்கள் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்: "தண்டவாளத்தில் யானை. நாற்பது நிமிடம். காரணம் கேட்கப் போனோம், சொல்லவில்லை." மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கத்தை யானையிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்படி பதில் எழுதப் போன உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான்.

அப்படிப்பட்டவர் என்பதால்தான் அந்தச் சம்பல் கதையையும் எல்லாரும் நம்பினார்கள்.

என் பிரியாவிடைக்கு மட்டக்களப்பில் நம்முடைய ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். உங்கள் நினைவாகச் சுமையாவையும் அழைத்திருந்தேன். சாப்பாடு நடக்கும்போது வழக்கம்போலக் கேட்டார்கள்: "குணம் அண்ணே, அந்தச் சம்பல் மாஸ்டர்ர கதையச் சொல்லுங்க!" எத்தனை வருடமாக நான் சொல்லிவரும் கதை! எழுந்து நின்று, கையை ஆட்டி, உங்களைப் போலவே சிங்களம் பேசிச் சொன்னேன்.

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு கோச்சி எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க, டிரைவருக்கு ஒரு டெப்லட் கொடுப்போம். ஒரு வட்டத் தகடு, தோல் பைக்குள் இருக்கும். பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டியிருப்போம். ஒரு கோச்சி கொண்டுவந்த தகட்டை ஸ்டேஷனில் உள்ள மெஷினுக்குள் போட்டால்தான், மற்றக் கோச்சி அந்தப் பாதையில் போகலாம். அந்தத் தகட்டை எடுத்து, எறும்பு வராமல் இருக்க, சாப்பாட்டில் இருந்த உறைப்பான தேங்காய்ச் சம்பலுக்கு மூடியாக வைத்தாராம் நம்முடைய மாஸ்டர். பிறகு கழுவப் போய், கை வழுக்கிக் கிணற்றுக்குள் போட்டாராம். படையினர் நிறைந்த கோச்சி இரண்டு மணிநேரம் காட்டுக்குள் நின்றதாம். கடைசியில் ஆமிக்காரர் இரண்டு பேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிணற்றில் இறங்கித் தகட்டை எடுத்தார்களாம். எடுத்த தகட்டில் வெங்காய வாசம் அடித்தது என்று நானாகவே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரிக்குத்தான் சிரிப்பு அதிகம்.

சுமையா சிரிக்கவில்லை. சோறு பாதியில் இருக்க எழுந்து கை கழுவினாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். தரிப்பிடத்தில் குரலை இறக்கிக் கேட்டாள்.

"மாமா, வாப்பா முப்பது வருஷம் வேலை செஞ்சவர். அவரப் பத்திச் சொல்ல உங்களுக்கு இந்த ஒரு கதைதான் இருக்கா?"

"பகிடிக்குத்தானே மகள்..." என்றேன்.

"ஓம், உங்களுக்குப் பகிடி. உம்மாவுக்கு என்ன நடந்த எண்டு தெரியுமா? வாப்பாவுக்கு வயித்துப் புண். கொச்சிக்காய் உறைப்புப் பட்டாலே துடிச்சுப் போவார். எங்கட வீட்டுல அவருக்கு உம்மா ஒருநாளும் சம்பல் கட்டிக் குடுத்ததில்ல. 'அப்ப அந்தச் சம்பல ஆரு கட்டிக் குடுத்த?' எண்டு உம்மா கண்ண மூடி மவுத்தாகுமட்டும் கேட்டுக்கொண்டே இருந்தா. வாப்பா இருக்குமட்டும் ஒண்டும் சொல்லல்ல. உண்மையச் சொல்லுங்க மாமா. அங்க வேற பொம்புள ஆரும் இருந்தாவா?"

பஸ் வந்துவிட்டது, காக்கா. அவள் ஏறிப் போய்விட்டாள்.

இந்த முப்பது வயதுப் பெண் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் நீங்கள். மற்றவன் நான்.

உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். வாசிப்பவர்கள் வாசிக்கட்டும்.

அன்று மட்டக்களப்பிலிருந்து வந்த கோச்சியின் டிரைவரிடம் வளையத்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டவன் நான். எதிர்ப்பக்கத்துக் கோச்சி, படையினர் நிறைந்தது, பக்கத்துத் தண்டவாளத்தில் காத்து நின்றது. அதிலிருந்து ஒருவன் இறங்கி வந்து என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். காரைதீவு என்பதை இரண்டு தரம் வாசித்தான். "இங்கேயே நில்" என்று சொல்லிவிட்டு அதிகாரியிடம் போனான். அதற்கு முந்திய மாதம்தான் என் அண்ணன் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டிருந்தார். அவர் திரும்பி வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. நில் என்றவன் வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம் என்று கிணற்றடிக்குப் போனேன். வாளியை எடுக்கக் குனிந்தேன். பையின் வார் எப்போதோ அறுந்தது, தைத்துத் தருகிறேன் என்று உங்களிடம் சொல்லிச் சொல்லியே நான் தைக்காமல் விட்டது. தகடு வழுக்கி உள்ளே விழுந்தது.

நீங்கள் வந்து வெறும் பையையும் என் முகத்தையும் பார்த்தீர்கள். "விழுந்திட்டா?" என்று மட்டும் கேட்டீர்கள். டெலிபோன் கம்பி அறுந்து கிடந்த நாள் அது, அடுத்த ஸ்டேஷனைக் கேட்டுக் கோச்சியை அனுப்பவும் வழியில்லை. காரைதீவுத் தமிழன் ஒருவன் படையினரின் கோச்சியைக் காட்டுக்குள் நிறுத்திவைக்கத் தகட்டைக் கிணற்றில் வீசிவிட்டான் என்றுதான் அவர்களுக்குப் படும். அதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி வந்துகொண்டிருந்தார். நீங்கள் உள்ளே போய் என் சோற்றுப் பார்சலைப் பிரித்தீர்கள். சம்பலை அள்ளி உங்கள் விரலிலும் வெள்ளைச் சட்டையிலும் பூசிக்கொண்டு வெளியே வந்தீர்கள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிங்களத்தில் உங்களையே ஏசத் தொடங்கினீர்கள். அன்று எனக்குச் சிங்களம் பாதிதான் விளங்கும். பொல் சம்பல், அதாவது தேங்காய்ச் சம்பல், என்பது மட்டும் மூன்று தரம் காதில் விழுந்தது. அதிகாரி முதலில் உங்கள் சட்டையைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் அட்டையைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

கோச்சி போனதும் நீங்கள் விளக்கறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தீர்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். "இந்தக் கிணத்துத் தண்ணியா?" என்று கேட்டீர்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் சொன்னீர்கள்:

"சிரிக்கிற வரைக்கும் தேட மாட்டானுகள் தம்பி. ஆரு கேட்டாலும் இதையே சொல்லு. நீயும் சேர்ந்து சிரி."

விசாரணை வந்தது. பெரிய ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய உங்களை அந்தக் காட்டிலேயே போட்டு வைத்தார்கள். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அழுதபோது, "இப்பச் சொன்னா ரெண்டு பேரும் பொய்யனுகள். வாய மூடு" என்று ஏசினீர்கள். எதற்காக இதையெல்லாம் செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மச்சானை, உங்கள் மனைவியின் தம்பியை, இயக்கத்துத் தமிழ்ப் பெடியன்கள் சுட்டுக் கொன்று மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது உங்கள் முஸ்லிம் ஊருக்கும் என் தமிழ் ஊருக்கும் நடுவே இருந்தது ஒரு வீதிதான். அந்த வீதியைத் தாண்ட இரண்டு பக்கத்தவருக்கும் பயம்.

சுமையாவின் உம்மாவான ராத்தாவிடம் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். தம்பியை இழந்து அழுதுகொண்டிருந்த மனுஷியிடம், ஒரு தமிழனைக் காப்பாற்றத் துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றேன் என்று எப்படிச் சொல்வது? அதனால்தானா? ராத்தா கேட்ட ஒவ்வொரு தரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களா? எனக்காக உங்கள் வீட்டுக்குள்ளும் அந்தக் கெட்ட பெயரைச் சுமந்தீர்களா, காக்கா?

சுனாமி வந்த காலையில் நான் கடலுக்குத் தூரத்தில், மேட்டில், வேலையில் இருந்தேன். நீங்கள் லீவில் வீட்டில் இருந்தீர்கள். தெற்கே கோச்சியையே கடல் புரட்டிவிட்டது என்று செய்தி வந்ததும், "உங்கட மாஸ்டரும் அதுலயா?" என்று என்னைக் கேட்டார்கள். இல்லை, தண்டவாளமே இல்லாத ஊரில், தன் வீட்டு வாசலில் போனார் என்று எத்தனை பேருக்குச் சொன்னேன்! மூன்றாம் நாள்தான் சாய்ந்தமருதுக்கு வந்து சேர முடிந்தது. அடக்கம் நடந்த மையவாடியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் தாளைப் புரட்டி, "சம்பல் மாஸ்டரா? அடக்கியாச்சு தம்பி" என்றார். தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அன்றைக்காவது நான் திருத்தியிருக்க வேண்டும். உங்கள் பெயர் ஆதம்பாவா என்று சொல்லவாவது செய்திருக்கலாம். நான் அழுதுகொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

சண்டை முடிந்த பிறகு என்னைப் பிடித்துப் போக யாரும் இருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. பயம் போய்விட்டது, ஆனால் கதை சொல்லிக் கைதட்டு வாங்கும் ருசி பிடித்துவிட்டது. இதைவிட வெட்கமாக எதையும் நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை.

நேற்று சுமையாவின் வீட்டுக்குப் போனேன். இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வாந்தி எடுத்த இடம் வந்ததும், "வாப்பாவும் பயந்தவரா?" என்று கேட்டாள். ஓம் மகள், நல்லாப் பயந்தவர் என்றேன். அவள் வெகுநேரம் அழுதாள். மன்னித்தேன் என்று சொல்வாள் என நான் எதிர்பார்த்திருந்தேன் போல. அவள் சொன்னது வேறு:

"உம்மா இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே மாமா."

ராத்தா கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது.

நம்முடைய ஆட்களை மறுபடியும் ஒருதரம் கூட்டி, உண்மைக் கதையை அதே வாயால் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும், சுமையாவைக் கட்டிய மாப்பிள்ளை என்னை மையவாடிக்குக் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார். ராத்தாவின் கபுறடியில் நின்று, அவருக்குக் கேட்கும்படி சொல்லப் போகிறேன்:

"ராத்தா, அந்தச் சம்பல் எங்கட அம்மா அரைச்சது."

உங்கள் உடன்பிறவாத் தம்பி,
காரைதீவு குணரெத்தினம்